ஏன் அடித்துக்கொள்கிறான்? ஏன் கடிக்கிறாள்? – கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். கணக்கு நோட்டைத் திறந்தாலே கையைக் கடித்துக்கொள்கிறான். கவனத்தை ஈர்க்கத்தான் என்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பல்லையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள், மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை கடித்துத்தான் காட்டும்.

அது சரியாக இருந்தால் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள். நேரத்தையும் குறியுங்கள். கடித்ததும் கணக்கு நோட்டை மூடிவிடுகிறீர்கள் என்றால், அவன் கடிப்பது வேலையிலிருந்து தப்பிக்க. நீங்கள் கண்டுகொள்ளாமல் எழுந்து போனால் அவன் கேட்டதையே கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதில் ‘கொஞ்சம் நிறுத்தலாம்’ என்று ஓர் அட்டையைக் காட்டப் பழக்குங்கள். காட்டியதும் உடனே நிறுத்துங்கள். எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் 1985இல் காட்டிய வழி இது.

எல்லாமே கவன ஈர்ப்பு என்பது பழைய பல்லவி. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் 152 பேரைப் பற்றி 1994இல் வந்த ஆய்வில் சுமார் 38 சதவீதத்தினர் தப்பிப்பதற்காகச் செய்தார்கள். கவனத்துக்கோ பொருளுக்கோ செய்தவர்கள் சுமார் 26 சதவீதம்தான்.

கேள்வி: வகுப்பில் ஒரு பையன் புத்தகத்தைக் கிழிக்கிறான். ஒவ்வொரு முறையும் வெளியே நிற்க வைக்கிறேன். அதிகமாகத்தான் ஆகிறது.

பதில்: ஆகும். நீங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுப்பது அவனுக்கு லீவு.

கேள்வி: யாரும் இல்லாதபோதும் என் மகள் தலையை இடித்துக்கொள்கிறாள்.

பதில்: காது! அப்புறம்தான் மற்றது. தனியாக இருக்கும்போதும் அதே அளவு செய்கிறாள் என்றால் அந்தச் செயல் தருகிற உணர்வே அவளுக்குப் பலனாக இருக்கலாம். தலை என்பதால் நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்காமல் இப்போதே நேரில் காட்டுங்கள்.

கேள்வி: நான் சிறப்பாசிரியர். காரணம் கண்டுபிடிக்கிறோம் என்று குழந்தை தன்னை அடித்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே தூண்டும் சோதனையும் உங்கள் நடத்தைப் பகுப்பாய்வுத் துறையில்தானே இருக்கிறது? இது கொடுமை இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. 1982இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் பால்டிமோரில் பிரையன் இவாட்டா என்ற நடத்தை ஆய்வாளரும் சகாக்களும் ஒன்பது பேருக்குச் செய்தது அது. ஒவ்வொரு சுற்றும் 15 நிமிடம். ஒன்றில், அடித்துக்கொண்டால் மட்டும் அக்கறையாகப் பேசுவார்கள். ஒன்றில் பாடம் கொடுத்து, அடித்துக்கொண்டால் விலகுவார்கள். ஒன்றில் தனியாக விடுவார்கள். இன்னொன்றில் எதையும் செய்யச் சொல்லாமல் விளையாட விடுவார்கள். எதில் கூடுகிறது என்று பார்ப்பார்கள். முன்னதாக மருத்துவப் பரிசோதனை உண்டு, எங்கே நிறுத்துவது என்ற வரம்பும் உண்டு.

கேள்வி (அதே ஆசிரியர்): வரம்பு இருந்தாலும் அடி அடிதானே?

பதில்: ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தவறான வழியில் போனால் அவன் வாங்கும் அடிகளையும் எண்ணுங்கள். தவிர, முதல் அடி விழுந்ததுமே சுற்றை முடிக்கும் முறை இன்று இருக்கிறது. அடிக்கு முன்னால் வரும் முனகல், கை இறுகுதல் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளும் முறையும் இருக்கிறது. நோட்டும் நேரடிக் கவனிப்பும் போதும் என்றால் நானும் சோதனைக்குப் போகமாட்டேன். இதில் நீங்களும் நானும் ஒரே பக்கம்.

கேள்வி: அந்தச் சோதனையை வீட்டில் நாங்களே செய்து பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: என் மகளும் எழுதச் சொன்னால் கடிக்கிறாள்...

பதில்: முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள், இதோடு நான்காவது முறை.

கேள்வி: மருந்து கொடுத்தால் குறையுமா?

பதில்: என் வேலை அல்ல, டாக்டரிடம் கேளுங்கள். போகிற போக்கில் பல்லையும் காட்டுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட அம்மா): யோசித்துப் பார்த்தேன் சார். தமிழ் நோட்டுக்குக் கடிப்பதே இல்லை. கணக்குக்கு மட்டும்தான்.

பதில்: அருமை, இதைத்தான் கேட்டேன். எழுதுகிற கணக்குக்கா, வாயால் சொல்கிற கணக்குக்குமா? ஒரு வாரம் குறித்துவிட்டு எழுதுங்கள் அம்மா.