பெரிய கட்டைக்குப் பழைய செயின்சா: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தடித்த கட்டைகளை விறகாக்க, பெரிய செயின்சா ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பழையது வாங்குவதில் தவறே இல்லை. நன்றாகப் பராமரித்த தொழில்முறை மெஷின், புதிதாக வாங்கும் மலிவு மெஷினைவிட அதிக வருடம் உழைக்கும். ஆனால் கம்பெனிப் பெயரையும் பெயின்ட்டையும் பார்த்து மயங்காமல், பிஸ்டனைப் பார்த்து வாங்குங்கள்.

என்னிடம் 45 சிசி மெஷின், 16 இன்ச் பாரோடு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) இருக்கிறது. இரண்டரை அடி விட்டத்தில் அடிமரங்கள் கிடைத்திருக்கின்றன. எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும்?

60 முதல் 70 சிசி, அதில் 20 இன்ச் பார். விறகு வேலைக்கு இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. ஒரு பக்கம் பாதிவரை அறுத்துவிட்டு, மறுபக்கம் போய் அதே கோட்டில் அறுத்தால், 20 இன்ச் பாரே மூன்றடிக்குச் சற்றுக் குறைவான கட்டையையும் துண்டாக்கும். உங்கள் 16 இன்ச் பாரும் கணக்குப்படி இரண்டரை அடிக்கு எட்டும். ஆனால் பார் முழுக்க மரத்துக்குள் புதைந்திருக்கும்போது 45 சிசி எஞ்சின் நாள் முழுக்க இழுக்காது, சூடேறித் திணறும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். இப்போதுள்ள செயினை அரம் போட்டுக் கூராக்கி, ஒரு கட்டையில் அறுத்துப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் சரி. மாவு போலத் தூள் கொட்டினால் குறை செயினில்தான். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் இருக்கும் சிறு மேடு, பல்லின் முனையைவிட ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போய் அந்த மேட்டைக் கவனிக்காமல் விட்டால், செயின் மரத்தைக் கடிக்காது, வழுக்கும். மெஷினுக்கு வலு போதவில்லை என்று எழுதியிருந்த பலருக்கும் இதைச் சரிசெய்தாலே பாதி பிரச்சினை தீரும்.

70 சிசி மெஷினும் 90 சிசி மெஷினும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. பெரியதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 660 ஏறக்குறைய 92 சிசி. பாரும் செயினும் இல்லாமலே 7.3 கிலோ. 70.7 சிசி உள்ள ஹஸ்க்வார்னா கம்பெனியின் 372 எக்ஸ்.பி. அதே கணக்கில் 6 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோதானே என்று தோன்றும். பாரும் செயினும் பெட்ரோலும் ஆயிலும் ஏறிய பிறகு, குனிந்தபடி மத்தியானம் வரை பிடித்திருந்தால் இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியும். களைத்த கையில் ஓடும் செயின்சா ஆபத்தானது. மூன்றடிக்கு மேற்பட்ட கட்டைகள் தொடர்ந்து வருகின்றன, அல்லது பலகை அறுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் 90 சிசி பக்கம் போங்கள்.

பார்க்கப் போகும் இடத்தில் எஞ்சின் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாருமே ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் வரும்வரை மெஷினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டர் பக்கம் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத மெஷினாக இருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். டீகம்ப்ரஷன் பட்டன் (கயிறு இழுக்க எளிதாக, சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் குறைப்பது) அழுந்தியிருக்கக் கூடாது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம், நன்றாக இருந்தால் மெஷின் விட்டுவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கீழே இறங்கும். சரசரவென்று இறங்கினால் எச்சரிக்கையாகுங்கள்.

அடுத்து சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான மெஷின்களில் சில ஸ்க்ரூக்கள்தான், ஐந்து நிமிட வேலை. பிளக்கையும் கழற்றிவிட்டு, டார்ச் அடித்தபடி கயிற்றை மெதுவாக இழுத்தால், புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். வழவழப்பாக, மேலிருந்து கீழ்வரை கோடில்லாமல் இருந்தால் நல்லது. அந்தப் பக்கம் ஆழமான நெடுக்குக் கீறல்கள் இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசிந்து கலவை மெலிந்து சூட்டில் உரசியிருக்கலாம். கார்புரேட்டர் பக்கம் கீறல் இருந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரைத் தாண்டிப் போன தூசிதான் காரணம். கழற்ற மாட்டேன் என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால், திரும்பி வந்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் கொண்டுபோங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு, முள் நிற்கும்வரை கயிறு இழுக்க வேண்டும். 150 பி.எஸ்.ஐ.யும் அதற்கு மேலும் ஆரோக்கியம். 120க்குக் கீழே என்றால் ரிப்பேர் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள். கேஜின் வால்வு, பிளக் துளையில் மாட்டும் முனையிலேயே இருக்க வேண்டும். கார்களுக்கான சில கேஜ்களில் அது குழாயின் மறுமுனையில் இருக்கும். அந்த கேஜ், நல்ல எஞ்சினையும் மோசமாகக் காட்டிவிடும்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்த பிறகு, ஸ்லோவில் ஓடவிட்டு மெஷினை இடம், வலம், மூக்கு கீழே என்று சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது வேகம் தானாக ஏறினால் ஆயில் சீலிலோ கார்புரேட்டர் ரப்பரிலோ காற்று கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும். ஸ்லோவில் செயின் நகரக் கூடாது. பிரேக்கைத் தள்ளினால் ஓடும் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். பாரின் நுனியை ஒரு வெளிர் நிறப் பரப்புக்கு நேரே காட்டி வேகம் கொடுத்தால், ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். கடைசியாக, கட்டாயம் ஒரு தடித்த கட்டையில் முழு வேகத்தில் அறுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் அறுத்த சூட்டில் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா என்பதையும் பாருங்கள்.

"பிஸ்டன் செட் புதுசு" என்று சொல்லி விற்கிறார். இது கூடுதல் நன்மைதானே?

பழையது ஏன் போனது என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லி, அதைச் சரிசெய்ததையும் காட்டினால் நன்மைதான். சீல் கசிவை அப்படியே விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால், புதியதும் அதே வழியில் போகும்.

எலக்ட்ரானிக் கார்புரேட்டர் உள்ள மாடல் வாங்கலாமா?

ஸ்டில்லின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வார்னாவின் ஆட்டோடியூன் இரண்டும் கலவையைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஒழுங்காக ஓடினால் மிக நல்ல மெஷின்கள். கோளாறு வந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சமாளிக்க முடியாது, சோதனைக் கருவி உள்ள சர்வீஸ் சென்டர் வேண்டும். அது எட்டும் தூரத்தில் இருந்தால் வாங்குங்கள்.

மிகப் பழைய ஸ்டில் 070 ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. 106 சிசி என்கிறார்கள்.

அந்த எஞ்சினின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் செயின் பிரேக் இல்லாத, அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்பும் இல்லாத காலத்து வடிவமைப்பு அது. பாரின் நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால், பார் கண்ணிமைக்கும் நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பிரேக்தான். நீண்டகால அதிர்வு விரல்களின் ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் கெடுக்கும். எந்த விலைக்கும் வேண்டாம்.

அசல் போலவே இருக்கும் பிரதி மெஷின்களைப் பற்றி?

பிரதி என்று சொல்லி, தன் பெயரிலேயே விற்பது ஒரு வகை. அதை அதற்குரிய விலையில், தெரிந்தே வாங்கலாம். பெரிய கம்பெனியின் பெயரை ஒட்டி விற்பது மோசடி. ஸ்டில்லில் ஒன்பது இலக்க சீரியல் எண் எஞ்சின் உறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எண் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு மெஷினாகவும் இருக்கலாம். தொடாதீர்கள்.

60 சிசி மெஷினில் 28 இன்ச் பார் மாட்டினால் போதாதா?

மாட்ட முடியும், அறுக்கத்தான் முடியாது. எஞ்சின் திணறும், ஆயில் பம்பும் நுனிவரை போதிய ஆயில் தராது.

வாங்கியதும் என்னென்ன மாற்ற வேண்டும்?

பெட்ரோல் குழாய், டேங்க்குக்குள் இருக்கும் ஃபில்டர், பிளக், ஏர் ஃபில்டர். ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் செயினோடு சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். டேங்க்கில் இருக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஒரு லிட்டருக்கு 20 மில்லி கலந்து புதிதாக ஊற்றுங்கள். செயின் வாங்கும்போது பிட்ச் (கண்ணிகளுக்கு இடையிலான அளவு), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் பற்களின் தடிமன்), அந்த ஓட்டுப் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். பாரை மாட்டும் துளைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், பழைய பாரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

துண்டு போட்ட பிறகும் ஒவ்வொன்றும் தூக்க முடியாத கனம். கோடாலியும் இறங்கவில்லை. என்ன செய்வது?

துண்டைப் படுத்த நிலையிலேயே வைத்து, பாரை மர நாருக்கு இணையாகப் பிடித்து, மேலிருந்து கீழே அறுத்து இரண்டாக்குங்கள். நார் நாராக நீளச் சுருள்கள் வரும். அவை கிளட்ச் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும் என்பதால் எஞ்சினை நிறுத்தி அடிக்கடி எடுத்துவிட வேண்டும். துண்டு உருளாமல் இரு பக்கமும் முட்டுக் கொடுங்கள். அடியில் செயின் மண்ணைத் தொட்டால் ஒரே நொடியில் மழுங்கிவிடும். அதனால் கடைசி இரண்டு இன்ச்சை அறுக்காமல் விட்டு, ஆப்பு வைத்துத் தட்டிப் பிரித்துவிடுங்கள். ஹெல்மெட், காது மூடி, செயின் வெட்டைத் தாங்கும் கால் உறை மூன்றும் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்திலேயே இவற்றுக்கும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.