சொல்லிக்கொண்டு போங்கள்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவியர் விடுதிப் பொறுப்பும் என்னிடம்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்று, புதிதாகச் சேரும் பிள்ளைகளையும் பெற்றோரையும் வரவேற்று நான் பேச வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். வள்ளல் அழகப்பரிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பொருத்தமான மேற்கோள் ஒன்றிரண்டு சொல்வீர்களா?

இன்னொன்று. போன வருஷம் பெற்றோர் கிளம்பும் நேரத்தில் பெரிய ரகளையாகிவிட்டது. ஒரு சிறுமி காருக்குப் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடினாள். அதனால் இந்த முறை பிள்ளைகளைக் கலையரங்கத்தில் ஏதாவது விளையாட்டில் உட்கார வைத்துவிட்டு, பெற்றோரைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது நல்லதாகத்தான் படுகிறது. தின்பண்டம், செல்போன் தொல்லைகளைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

மேற்கோள் கேட்ட வரிகளை மேலோட்டமாகப் படித்துக்கொண்டே வந்தவன், உங்கள் பின்வாசலில் வந்து நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக எனக்கும் இதே நினைப்புதான். பேத்தியை விடுதியில் சேர்ப்பதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. கட்டணம் எவ்வளவு, கட்டில் எப்படி, குடிதண்ணீர் எப்படி என்று எல்லாம் அலசியாகிவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிற அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மேற்கோள் வேண்டாம். அழகப்பரும் வேண்டாம். 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியதும், அதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்ததும் பெரிய காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் காரைக்குடியில் மைக் பிடிக்கிறவர் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தெரிய வேண்டியது, ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியுமா என்பது. அதைச் சொல்லுங்கள்.

செல்போனுக்கு உங்கள் நிர்வாகம் ஏதாவது விதி வைத்திருக்கும். அதைப் படித்துக் காட்டுங்கள், முடிந்தது. தின்பண்டம் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது. தேன்குழலையும் மாவுருண்டையையும் பறிமுதல் செய்கிற விடுதி செட்டிநாட்டில் இருக்கலாமா? எறும்பு வரும் என்பீர்கள். மூடி இறுக்கமான டப்பாவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது ஒருத்தி டப்பாவைத் திறந்தால் பக்கத்துக் கட்டில்காரி தானாகப் பேச்சுக் கொடுப்பாள். உங்கள் உரையால் அது நடக்காது.

சரி, பின்வாசலுக்கு வருகிறேன்.

திருடன் போகிற வழியில் பெற்ற தாயையும் தகப்பனையும் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் யார்? அவர் ஒருநாளாவது விடுதியில் இருந்து படித்திருப்பாரா? உங்களைப் பற்றி எனக்குத் தெரியும், இதற்கு முன்பும் எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகள்மேல் உயிராக இருப்பவர். அப்படிப்பட்ட நீங்களும் ‘நல்லதாகத்தான் படுகிறது’ என்று எழுதிவிட்டீர்களே.

இந்தப் பக்கத்தில் சின்னப் பையனை வீட்டை விட்டு அனுப்புவது பள்ளிக்கூடங்களோடு வந்த பழக்கம் இல்லை. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவுக்குப் போனபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. பெட்டியடிப் பையனாகப் போனார். கடையில் கடைசி ஆள் பெட்டியடிப் பையன்தான். கூட்டிப் பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது, கடைப் பொறுப்பைப் பார்க்கிற மேலாள் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, நடுவில் கணக்கெழுதப் பழகுவது. அப்படியே அடுத்தாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் மேலாளாகவும் ஆகலாம். ரங்கூன் மொகல் தெருவில் வரிசையாக, வட்டிக்குப் பணம் கொடுக்கிற செட்டியார் கடைகள். பகலில் வரவுசெலவு நடக்கிற அதே இடத்தில்தான் ராத்திரி படுக்கை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்த மாதிரி இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். அங்கே ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய், சுவரோரமாகக் கொஞ்சம் இடம். விடுதி என்று போர்டு மாட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பையன் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? பயணம் சொல்லிக்கொள்ள அனுப்பினார்கள். பங்காளி வீடு, அம்மான் வீடு, தாயபிள்ளைகள் வீடு என்று ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏற வேண்டும். பெரியவர்கள் காலில் விழுந்து எழ வேண்டும். அவர்கள் திருநீறு பூசிவிட்டு, கையில் காசு வைத்து, எந்த ஊர், யார் கடை, என்றைக்குக் கப்பல் என்று விசாரிப்பார்கள். பையன் பதில் சொல்லியாக வேண்டும். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்து சேர்வதற்குள், தான் போகப் போவதைத் தன் வாயாலேயே பல தடவை சொல்லியிருப்பான். கப்பலடியில் அவனுக்கு அது புதுச் செய்தி இல்லை. அழுதிருப்பான், கட்டாயம் அழுதிருப்பான். ஏமாந்து அழுதிருக்க மாட்டான்.

திரும்பி வருகிற நாளும் தெரியும். கணக்கு, அதாவது ஒரு தடவை போனால் அங்கே இருக்க வேண்டிய காலம், மூன்று வருஷம். மூன்று வருஷம் முடிந்தால் ஊருக்கு வரலாம். தொல்காப்பியமும் பிரிவுக்குச் சொல்கிற காரணங்களில் ஓதலை முதலில் வைத்துவிட்டு, கற்பியலில் கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்று எல்லை கட்டுகிறது. அது தலைவன் தலைவி சமாச்சாரம், பிள்ளைகளைப் பற்றியது இல்லை. செட்டியார்கள் அதைப் பார்த்துத்தான் கணக்கை மூன்று வருஷமாக வைத்தார்கள் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: போகிறவனை விட்டுவிட்டு இருப்பவர்களுக்கும் சரி, போகிறவனுக்கும் சரி, என்றைக்கு என்கிற கேள்விக்குப் பதில் இருந்தது.

அந்தக் காலத்தை நான் கொண்டாட வரவில்லை. பெட்டியடியில் அடிவாங்கியவர்கள் உண்டு, காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு, 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. அவ்வளவு கஷ்டத்திலும், ஒரு பையனுக்கு அவன் போவதைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்கிற அறிவு மட்டும் அவர்களிடம் இருந்தது. இன்றைக்கு ஏசி காரில் வந்து இறங்குகிறவர்களிடம் அது இல்லை.

நானும் ஆறாம் வகுப்பில்தான் விடுதிக்குப் போனேன். எங்கள் ஆத்தா கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு என் முன்னால் நின்று, “நான் கிளம்புறேன். பிள்ளையார் சதுர்த்திக்கு லீவு விடுவாக. அன்னைக்குக் காலைல வந்து கூட்டிக்கிட்டுப் போவேன். அதுக்கு முந்தி வரமாட்டேன். அழுகணும்னா அழுதுக்க” என்றார்கள். நான் கூச்சல் போட்டு அழுதேன். ஆத்தா திரும்பிப் பார்க்காமல் நடந்து போனதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அழுது களைத்து, சாப்பாட்டு மணி அடித்ததும் போய்ச் சாப்பிட்டேன். சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தது.

பக்கத்துக் கட்டில் பையன் சாப்பிட வரவில்லை. அவனுடைய பெட்டிக்குப் பூட்டு இல்லை. “கடைவீதியில பூட்டு வாங்கிக்கிட்டு வந்துர்றேன், பெட்டியைப் பார்த்துக்க” என்று சொல்லிவிட்டு அவன் அப்பா போயிருந்தார். பெட்டியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டான். நியாயம்தானே? அப்பா பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இருட்டிய பிறகும் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தான். புது ஷூ, லேஸ் கட்டியபடியே காலில் இருந்தது. வார்டன் கழற்றச் சொன்னபோது, அப்பா வந்தால் கேட்டுக்குப் போக வேண்டும் என்றான். அந்த ஷூவோடுதான் அன்று ராத்திரி படுத்தான்.

அதற்கப்புறம் அவன் யார் சொன்னதையும் நம்பவில்லை. நாளைக்குச் சினிமா போடுவார்கள் என்றால், போய்ச் சொல்லு என்பான். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வருகிறார் என்று வார்டன் சொன்னாலும் தலையைத் தூக்க மாட்டான். அவன் அப்பா மறுபடி வந்தபோது ஞாபகமாகப் பூட்டு வாங்கி வந்திருந்தார். பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி. வாங்கிக்கொண்டான், ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனுஷர் அவர், சந்தேகமே இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. அந்த ஒரு மணி நேரக் கஷ்டத்திலிருந்து தான் தப்பித்துக்கொள்ள, மகனுக்கு ஒரு வருஷக் கஷ்டத்தை வைத்துவிட்டுப் போனார்.

உங்கள் பின்வாசலும் அந்தப் பூட்டுத்தான் டீச்சர். அவர் தனியாகச் செய்ததை நீங்கள் கலையரங்கம் வைத்து, விளையாட்டு வைத்து, மொத்தப் பள்ளியுமாகச் சேர்ந்து செய்யப் போகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் விளையாடி முடித்து வெளியே வந்து பார்ப்பார்கள். யாரும் இருக்க மாட்டார்கள். நாளையிலிருந்து நீங்கள் எதற்குக் கூப்பிட்டாலும், இதிலே என்ன சூது இருக்கிறதோ என்றுதான் தோன்றும். காய்ச்சல் என்றாலும் சொல்ல மாட்டார்கள், பெரிய பிள்ளை அடித்தாலும் சொல்ல மாட்டார்கள். பிறகு வார்டனாக இருந்து என்ன பயன்?

போன வருஷம் காருக்குப் பின்னால் ஓடினாளே, அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? அதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் நன்றாகத்தான் இருப்பாள். அம்மா காரில் ஏறியதை அவள் பார்த்தாள், கார் எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் பார்த்தாள். ஓடினால் ஓடட்டுமே. கேட்டருகில் ஒரு ஆயாவை நிறுத்தி, ரோட்டுக்குப் போகாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும். ரகளை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு வயதுப் பெண் தாயைப் பிரிகிற இடத்தில் ரகளை இல்லாமல் வேறு என்ன இருக்கும், சங்கீதக் கச்சேரியா?

பெற்றோரிடம் நீங்கள் பேச வேண்டியது இதைத்தான். விரிப்பு விரித்து, பெட்டி அடுக்கி, வாளியில் பெயர் எழுதி எல்லாம் முடிந்ததும், பிள்ளைக்கு நேராக நின்று கிளம்புகிறேன் என்று சொல்லட்டும். அடுத்து வருகிற தேதியைச் சொல்லட்டும். காலண்டரில் அந்தத் தேதியைப் பிள்ளையே வட்டம் போடட்டும். அன்றைக்கு வர முடியுமா என்று உறுதியாகத் தெரியாதவர்கள், காலாண்டு விடுமுறைக்குத்தான் வருவேன் என்று சொல்லட்டும், அதுவே மேல். ‘கூப்பிட்டால் உடனே ஓடி வந்துவிடுவேன்’ என்று ஒருவரும் சொல்லக் கூடாது, ஏனென்றால் வரப் போவதில்லை. ‘அழுதால் மிஸ் அடிப்பாங்க’ என்று சொல்கிற அம்மாக்களை நீங்கள் அங்கேயே நிறுத்திக் கண்டியுங்கள், உங்கள் பெயரைத்தான் கெடுக்கிறார்கள். அப்புறம், ஒரு தடவை சொல்லிக்கொண்டால் போதும். கேட் வரை போய் மனசு கேட்காமல் திரும்பி வந்து, மறுபடி கட்டிப்பிடித்து, மறுபடி போய், ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாசம்தான். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரவேற்பையும் நேரம் தப்பி வைத்திருக்கிறீர்கள். காலை பத்து மணிக்குப் பந்தல், சந்தனம், கற்கண்டு எல்லாம் பெற்றோருக்கு. பிள்ளைக்குக் கூட ஆள் இருக்கிறது, அதற்கு எதற்கு வரவேற்பு? அது தனியாகிறது சாயங்காலம்தான். விளக்கு வைக்கிற நேரத்தில், கடைசிக் காரும் போன பிறகு, பிள்ளைகளை முற்றத்தில் உட்கார வைத்து அப்போது வரவேற்றுப் பேசுங்கள். நீங்கள்கூட வேண்டாம், போன வருஷம் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பேசட்டும். முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். காருக்குப் பின்னால் ஓடியவளே பேசினாலும் நல்லது, அவள் சம்மதித்தால்.

உங்கள் பிள்ளைகளுக்காவது பந்தல் உண்டு. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, பெட்டியும் பாயுமாகத் தனியாக அரசு விடுதிக்கு வந்து இறங்குகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கூட வர வேண்டிய அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போயிருப்பார். 2025இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். அங்கே முதல் நாள் வருகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவர் வாசலில் நிற்கிறாரா என்று, உங்கள் ஊர் ரோட்டரிக்காரர்களும் பழைய மாணவர்களும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுப்பதை ஜூலையில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தாளாளரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், எனக்கு அவரிடம் பயமில்லை. காலையில் நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம், பாதி நேரம் பெற்றோருக்கு விதி சொல்லவே சரியாக இருக்கும். பின்வாசலை அன்று முழுக்கப் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். மைக்செட்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மத்தியானத்துக்கு மேல் பாட்டு வேண்டாம் என்று. அவர்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அன்புடன்