மறுத்துப் பேசாதவரின் சம்மதம்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். அடுத்த மாதம் என் கணவருக்கு 40 வயது நிறைகிறது. அதையொட்டி மொட்டை மாடியில் கார்னிவல் பாணியில் ஒரு விருந்து வைக்க விரும்புகிறேன். கணவருடன் வேலை செய்பவர்கள், அவருடைய மேலாளர், கடலூரிலிருந்து வரும் என் கல்லூரித் தோழிகள் என்று முப்பது பேர் வருவார்கள். குழந்தைகள் கிடையாது, பெரியவர்கள் மட்டும்தான். வளையம் எறிதல், பலூன் சுடுதல், பஞ்சு மிட்டாய் எல்லாம் உண்டு. என் கொழுந்தனார் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டதிலிருந்து இரண்டு வருடங்களாக எங்களுடன் இருக்கிறார். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அத்தையை ஜிப்மருக்கு அழைத்துப் போவது தவிர அவர் வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்பதால், அவருக்கு ஜோக்கர் வேடம் போட்டு வாசலில் நிற்க வைக்கலாம் என்றும், பிறகு ஓட்டை போட்ட பலகைக்குப் பின்னால் அவரை நிறுத்தி முகத்தில் ஈர ஸ்பாஞ்சு எறியும் விளையாட்டை நடத்தலாம் என்றும் நினைத்து உடையும் வாங்கிவிட்டேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மறுத்துப் பேச மாட்டார். பெரியவர்களுக்கு இதெல்லாம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றாமல் இருக்க என்ன செய்வது? அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: சகோதரி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகக் கூட எழுதாமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும். “அவர் மறுத்துப் பேச மாட்டார்” என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டோடு தங்கியிருக்கும் தம்பி, கணவனை இழந்து திரும்பி வந்த நாத்தனார், திருமணம் ஆகாத அக்கா என்று ஆள் மாறினாலும், இந்த வாக்கியம் மட்டும் எனக்கு வரும் கடிதங்களில் மாறாமல் இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் அனைவரும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் ஏன் மறுக்க மாட்டார் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? உங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்பதால் மறுக்க மாட்டார். அண்ணன் சம்பாத்தியத்தில் இருக்கிறோம் என்ற எண்ணம், தட்டில் இரண்டாவது முறை சோறு கேட்கவே அவரைத் தயங்க வைத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் நீங்கள் ஜோக்கர் உடையை நீட்டினால், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். “சரி அண்ணி” என்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, அவருக்கும் இதில் ஆசைதான் என்று நீங்கள் உங்கள் தோழிகளிடம் சொல்வீர்கள். ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை உள்ளவரிடம் கேட்பதுதான் கேட்பது. அந்த உரிமை இல்லாதவரிடம் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது உத்தரவுதான். நீங்களோ கேட்கக்கூட இல்லை. கேட்பதற்கு முன்பே அவருடைய சட்டை அளவைப் பார்த்து உடை வாங்கிவிட்டீர்கள்.

“சும்மாதான் இருக்கிறார்” என்கிறீர்கள். ஜிப்மரின் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு முறையாவது வயதான ஒருவரை அழைத்துப் போயிருக்கிறீர்களா? விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். பதிவு செய்யும் வரிசையில் ஒருவர் நிற்க, பெரியவரை எங்காவது ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவரைப் பார்த்த பிறகு ரத்தப் பரிசோதனைக்கு ஓரிடம், மருந்துக்கு வேறோரிடம் என்று நடந்து முடிக்கும்போது பாதி நாள் போயிருக்கும். அதை உங்கள் கொழுந்தனார் செய்வதால்தான் உங்கள் கணவர் விடுப்பு எடுக்காமல் அலுவலகம் போகிறார். அவர் உங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதால்தான் உங்களுக்குக் காலைப் பொழுது பதற்றமில்லாமல் கழிகிறது. சம்பளம் இல்லாத வேலையை வேலை என்று எண்ணாத பழக்கத்தால் நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு நொந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதே அளவுகோலை இப்போது நீங்கள் எடுத்து இன்னொருவரை அளக்கிறீர்கள்.

அந்த விளையாட்டை அன்றைய இரவில் வைத்துப் பாருங்கள். வர்ணம் பூசிய பலகை. அதன் ஓட்டையில் உங்கள் கொழுந்தனாரின் முகம். மூக்கில் சிவப்பு உருண்டை. உங்கள் கணவரின் மேலாளர் வாளியிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் குறி பார்க்கிறார். முதல் எறி தவறுகிறது, அனைவரும் சிரிக்கிறார்கள். இரண்டாவது எறி கண்ணில் படுகிறது. இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். “யார் இவர்?” என்று மேலாளர் கேட்டால் உங்கள் கணவர் என்ன பதில் சொல்வார்? “என் தம்பி” என்று சொல்வாரா, அல்லது கேட்காதது போல் பேச்சை மாற்றுவாரா? கீழே அறையில் இருக்கும் உங்கள் அத்தை சத்தம் கேட்டு மெதுவாகப் படியேறி மாடிக்கு வந்தால், ஒரு மகனின் பிறந்த நாளுக்கு இன்னொரு மகன் முகத்தில் ஊரார் தண்ணீர் அடிப்பதைத்தான் பார்ப்பார். எந்தத் தாய்க்கும் அந்தக் காட்சியைக் கொடுக்க உங்களுக்கு மனம் வராது என்றே நம்புகிறேன்.

கார்னிவல் என்றால் எல்லாம் விளையாட்டுதானே என்று நீங்கள் சொல்லலாம். அந்த விழாவின் முறையே உங்கள் திட்டத்துக்கு நேர் எதிரானது. கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்குவதற்கு முன்னால், நோன்புக்கு முந்தைய சில நாட்களை ஆடிப் பாடிக் கொண்டாடுவதுதான் கார்னிவல். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் பிரபுவும் வேலைக்காரனும் முகமூடி அணிந்து ஒரே தெருவில் கலந்து நடந்தார்கள். யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று தெரியாமல் போவதே அந்த முகமூடியின் பயன். கோவாவில் மோமோ என்ற வேடிக்கை ராஜா கொண்டாட்டத்தைத் தொடங்கி வைக்க, ஊரே வேடமிட்டு வீதிக்கு வருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருப்பீர்கள். சிரிக்க வைப்பது அவன் வேலைதான். ஆனால் சபைக்கு வருகிற ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்டுக் கேலி செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. அவன் பயிற்சி பெற்ற கலைஞன். உங்கள் திட்டத்தில் முப்பது பேர் நல்ல உடையில் வருகிறார்கள், ஒருவர் மட்டும் வேடம் போடுகிறார். முப்பது பேருக்கும் எறியும் உரிமை இருக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. இதைக் கார்னிவல் என்று சொல்ல மாட்டேன். வசதி உள்ளவர்கள் வசதி இல்லாத ஒருவரை நடுவில் நிறுத்திச் சிரிப்பது இது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தந்தை இல்லாத வீட்டில் அண்ணன் தந்தையின் இடத்தில் இருக்கிறான். அண்ணி தாயின் இடத்தில் இருக்கிறாள். இது பழைய பேச்சு என்று சிலர் எனக்கு எழுதுவார்கள், எழுதட்டும். வேலை இழந்து நிற்கும் உடன்பிறப்புக்குச் சோறு போடுவதோடு கடமை முடிவதில்லை. அவன் தலை நாலு பேர் முன்னால் குனியாமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான். சொல்லப் போனால் சோற்றை விட அதுதான் பெரிது. இதில் உங்களை மட்டும் கடிந்துகொள்வது நியாயம் ஆகாது. இரண்டு வருடங்களில் உங்கள் கணவர் தம்பியின் வேலைக்காக யாரிடமாவது பேசினாரா என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நம் புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன; கடலூரில் சிப்காட் இருக்கிறது. ஆலையில் வேலை பார்த்தவருக்குக் கையில் தொழில் இருக்கும். விருந்துக்கு வரப்போகும் முப்பது பேரில் வேலைக்கு வழி சொல்லக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்கள் முன்னால் அவரை ஜோக்கராக நிறுத்தப் பார்த்தீர்களே!

இனி உங்கள் கேள்விகள். பெரியவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும் என்ற பயம் வேண்டாம். தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்று மணலில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். சுருளிக்கிழங்குப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, சோப்பு டப்பா மேல் வளையம் விழவில்லை என்று கடைக்காரரிடம் இன்னொரு முறை கேட்டு வாங்கி எறிபவர்களில் பாதிப் பேர் நரை விழுந்தவர்கள். பெரியவர்களுக்கு ஆசை இருக்கிறது, முதலில் இறங்கத்தான் கூச்சம். வீட்டுக்காரர்கள் முதலில் வேடம் போட்டு முதலில் ஆடினால் மற்றவர்கள் தாமாக வருவார்கள். வருகிற எல்லோரையும் ஒரு தொப்பியோ முகமூடியோ அணியச் சொல்லுங்கள். அணியாமல் வருபவர்களுக்குப் படிக்கட்டிலேயே ஒன்றைக் கொடுங்கள்.

பலூனுக்குக் காற்றுத் துப்பாக்கி வேண்டாம். மொட்டை மாடியில் குறி தவறினால் குண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். காலி டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கித் துணிப் பந்தால் அடிப்பது போதும். உறியடி வைத்தால் இன்னும் நன்றாகச் சூடு பிடிக்கும். பஞ்சு மிட்டாய் விஷயத்தில் கவனம் தேவை. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி என்ற சாயம் அதில் கலந்திருந்தது தெரிய வந்ததால்தான் 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும் அதே மாதத்தில் தமிழ்நாட்டிலும் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. வேண்டுமென்றால் நிறமே சேர்க்காத வெள்ளைப் பஞ்சு மிட்டாயை வீட்டிலேயே போடுங்கள். இல்லையென்றால் மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம், பட்டாணிச் சுண்டல் இவையே திருவிழா வாசனையைக் கொண்டுவந்துவிடும்.

அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதற்கு எளிய வழி, அவர்களையும் அழைப்பது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை, நீங்கள் 9.30 மணிக்கே பாட்டை நிறுத்திவிடுங்கள். மதுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும், நம் ஊர் விருந்து என்பதால் சொல்லி வைக்கிறேன். வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறையே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கடலூர்த் தோழிகள் பத்திரமாகத் திரும்ப ஒரு வேனுக்கு முன்பே சொல்லி வையுங்கள். யாரும் பாட்டிலோடு எல்லை தாண்ட வேண்டாம். சோதனைச்சாவடியில் பிடிபட்டால் உங்கள் விருந்தின் பெயர்தான் கெடும்.

வாங்கிய ஜோக்கர் உடையை உங்கள் கணவருக்குப் போட்டுவிடுங்கள். அன்றைய நாயகர் அவர். பலகைக்குப் பின்னால் முதலில் நிற்க வேண்டியவரும் அவர்தான். தம்பியின் அளவு அவருக்குச் சேராது என்றால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். “என் மேலாளர் எறிய நான் நிற்பதா?” என்று அவர் தயங்கினால், அந்த விளையாட்டையே எடுத்துவிடுங்கள். அவர் நிற்கச் சம்மதித்தால் அடுத்து யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அதில் மேலாளர் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். விருப்பப்பட்டால் உங்கள் கொழுந்தனாரும் தன் பெயரை எழுதிப் போடட்டும். முதல் ஸ்பாஞ்சை அண்ணன் மேல் எறியும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள்.

கைப்பேசியில் அனுப்ப அழைப்பிதழ் தயாரிப்பீர்கள் அல்லவா? அதில் “தங்கள் வரவை விரும்பும்” என்பதற்குக் கீழே உங்கள் இருவர் பெயரோடு அவர் பெயரையும் சேருங்கள். அன்று மாலை நல்ல சட்டை அணிந்து அண்ணன் பக்கத்தில் நின்று அவரும் விருந்தினரை வரவேற்கட்டும். வருகிறவர்களிடம் “இவர் என் தம்பி, ஆலையில் இருந்தவர், இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்” என்று உங்கள் கணவர் தன் வாயால் சொல்லட்டும். இதை இன்று இரவே கணவரிடம் பேசிவிடுங்கள். கொழுந்தனாருக்கு அந்த உடையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம்.