பித்தளைத் தவலையில் நெல்லிக்காய்க் கஷாயம் காய்ச்சலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய பித்தளைத் தவலையில் நெல்லிக்காய், செம்பருத்திப்பூக் கஷாயம் காய்ச்சினால் நாக்கில் காசைச் சப்பியதுபோல் ருசிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். அது மூலிகையின் ருசி அல்ல, புளிப்பில் பித்தளையிலுள்ள செம்பு கரைந்த ருசி. குமட்டல், வாந்தி வரும்.

தவலையின் உள்ளே தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு போய் மஞ்சள் தெரிகிறதா? அந்தப் பூச்சு வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டால் வழிந்துபோகும். திரும்பப் பூசச் சொல்லும்போது காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) கலக்காத வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். பழைய பித்தளையிலேயே காரீயம் கலந்திருப்பதும் உண்டு. ஆகவே பூசிய பிறகும் வெந்நீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட வேண்டாம்.

இரும்புச் சட்டியும் சரிப்படாது. நெல்லிக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். (தலைச்சாயத்துக்கு அதையேதான் வேண்டுமென்றே செய்கிறோம்!) அலுமினியமும் புளிப்பில் கரையும்.

நான் பயன்படுத்துவது 304 தர எவர்சில்வர், அடி கனமானது. உங்கள் ஆயா வீட்டில் எனாமல் சட்டி கிடந்தால் எடுத்து வராதீர்கள். பழைய வண்ணப்பூச்சில் காரீயம், காட்மியம் இருக்கக்கூடும். புதிதாக வாங்கும் எனாமல் நல்லது, உள்ளே சில்லுப் பெயராதவரை. பளபளப்புப் பூச்சில்லாத மண்சட்டியும் ஆகும், ஆனால் போன வாரக் குழம்பின் வாசனை கஷாயத்தில் ஏறும். இறக்கியதும் வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிவிடுங்கள்.