அண்ணே, இன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம்

அண்ணே, வணக்கம்.

நேற்று போனில் நீங்கள் பேசிய பதற்றத்திலேயே தெரிந்தது, இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்று. பி.எஸ்சி. சைக்காலஜி இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் யூ.எக்ஸ் டிசைன் பக்கம், அதாவது ஆப், இணையதளத் திரைகளை ஆட்கள் சுலபமாகப் பயன்படுத்தும்படி அமைக்கிற வேலைக்குப் போகணும் என்கிறாள். ஆறு மாத ஆன்லைன் வகுப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். ‘இன்னும் 2 இடங்கள் மட்டுமே’ என்று சிவப்பு எழுத்தும் கூடவே ஓடுகிற கடிகாரமும். கட்டட்டுமா என்று கேட்டீர்கள். கட்டாதீர்கள். ஆனால் பாப்பா தேர்ந்தெடுத்த துறை நல்ல துறை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கடிகாரமே அவள் படிக்க நினைக்கிற பாடத்துக்குள் வருகிற விஷயம்.

கிடைக்கப்போகிற நூறு ரூபாயை விட, கைவிட்டுப் போகிற நூறு ரூபாய்தான் மனசை அதிகம் உறுத்தும். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். கானமனுக்கு 2002ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ‘இடம் போயிரும்’ என்று உங்களுக்கு வயிறு கலங்கியது அதனால்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தச் சூட்சுமம் தெரிந்த யாரோதான் அந்தக் கடிகாரத்தை அங்கே வைத்திருக்கிறார். ராத்திரி 12 மணிக்கு முடிய வேண்டியது, காலையில் நான் திறந்து பார்த்தால் மறுபடி அதே 2 இடம், முதலிலிருந்து ஓடுகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. பொய் அவசரம் அதில் ஒன்று. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

இந்த வேலை என்ன என்று அண்ணி கேட்டார்களாம், ‘படம் வரையுற வேலையா’ என்று. உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். போன தீபாவளிக்கு விளக்குத்தூண் பக்கம் வந்தவன் உங்கள் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா சுங்குடி கேட்டு வந்தார். அலமாரி நிறைய இருந்தும் நீங்கள் நாலே நாலைத்தான் எடுத்துப் போட்டீர்கள். அவர் மெரூன் சேலையின் முந்தியை இரண்டாவது தடவை தொட்டதும், பேசிக்கொண்டே மற்றதில் இரண்டை மடித்து ஓரமாகத் தள்ளினீர்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் பில் போட்டாகிவிட்டது.

அமெரிக்காவில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மளிகைக் கடையில் ஜாம் பாட்டில்களை வைத்துச் சோதித்து 2000ல் எழுதினார்கள். 24 வகை வைத்த மேஜையில் நின்றவர்களில் நூற்றுக்கு 3 பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 பேர். ஆனால் 2010ல் இது போன்ற 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, சராசரியில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போயிற்று. சில இடத்தில் குறைவாகக் காட்டினால் நல்லது, சில இடத்தில் நிறையக் காட்டினால்தான் ஆள் நிற்கும். எது எங்கே என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்ப்பதுதான் யூ.எக்ஸ் வேலையின் உயிர். திரை வரைவதெல்லாம் அதற்குப் பிறகு. இப்போது ஏ.ஐ. கருவிகள் நிமிஷத்தில் திரை வரைந்து தருகின்றன, அதனால் வரைய மட்டும் கற்றுக்கொண்டவர்கள் பாடு கஷ்டம்தான் என்று நினைக்கிறேன்.

பாப்பாவுக்கு அந்தக் கண் இருக்கிறதா? போன வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ‘அப்பத்தா போனில் கரண்ட் பில் கட்டட்டும், நீ வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுது’ என்றேன். அவள் நோட்டில் இருந்தது இது: ‘எண் போடும் கட்டத்தைத் தொட்டதும் கீபோர்டு மேலே வந்து கீழே இருந்த பட்டனை மறைத்தது. அப்பத்தா திரையைத் தள்ளவில்லை. மூன்று தடவை கட்டத்தையே தொட்டார். கண்ணாடியைத் துடைத்தார். எனக்குத்தான் விளங்கல, நீயே கட்டிரு என்று போனை நீட்டினார்.’ கண்ணாடியைத் துடைத்ததை எழுதியிருக்கிறாள் பாருங்கள். தப்பு திரையில், பழியை ஏற்றுக்கொண்டது அப்பத்தா.

சைக்காலஜி படித்தவளுக்கு இதில் இடம் உண்டா என்ற கவலையையும் விடுங்கள். 1993ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து, தன் பதவிப் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ (அதன் சுருக்கம்தான் யூ.எக்ஸ்) என்று போட்டுக்கொண்ட டான் நார்மன் உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

இனி செய்ய வேண்டியது. டிகிரியை விடக் கூடாது. மூன்றாம் வருஷம் படிக்கும்போதே டிசைன் மேற்படிப்புக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுதலாம், எந்தப் பாடம் படித்தவர்களும் எழுதலாம், ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது. விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில், தேர்வு ஜனவரியில். அங்கேயே 1969ல் தொடங்கிய டிசைன் பள்ளியில் இன்டராக்‌ஷன் டிசைனில் எம்.டெஸ். என்ற மேற்படிப்பு இருக்கிறது. போட்டி கடுமை, ஓவியத் தாளும் உண்டு, தினமும் கொஞ்சம் கை பழக வேண்டும். பிளஸ் டூ படிக்கிற தம்பிக்கும் ஆசை வந்தால் அவனுக்கு டிசைன் பட்டப்படிப்புக்கான யூசீட் (UCEED) தேர்வு, அதை அடுத்தடுத்த இரண்டு வருஷம் மட்டும்தான் எழுத முடியும்.

மேற்படிப்பு கிடைக்காவிட்டாலும் வேலைக்குப் போகலாம். ஆனால் மதுரையில் இந்த வேலைகள் குறைவு, முதல் வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போக வேண்டிவரும் என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். சான்றிதழை விட, செய்து பார்த்த மூன்று வேலைகளின் தொகுப்பைத்தான் கேட்பார்கள். அதற்குத் திரை வரைகிற மென்பொருளான ஃபிக்மாவின் இலவசக் கணக்கும் ஒரு நோட்டும் போதும். ‘வேலை உறுதி’ என்கிறவர்களிடம், போன வருஷம் படித்த மூன்று பேரின் நம்பரைக் கேளுங்கள்.

ஒரு திரையை ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான சிக்கல் வெளியே வந்துவிடும் என்று யூ.எக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதினார். பாப்பா அந்தக் கரண்ட் பில் திரையைப் பேப்பரில் மாற்றி வரையட்டும். கடைக்கு வருகிறவர்களில் நாலு பேர், ஐந்தாவதாக அப்பத்தா. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு கூட்டி வாருங்கள். அப்பத்தா இந்தத் தடவை எங்கே விரலை வைத்தார் என்று நான் பார்க்க வேண்டும்.