அசைய வேண்டிய பலகை

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 29. கோவையில் கணினி வேலை. தச்சு வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு என் கையாலேயே தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசை செய்து கொடுக்க ஆசை. ஜப்பானிய ரம்பம் வாங்கட்டுமா, சாதாரண ரம்பமே போதுமா? கால்களுக்குப் புறாவால் பொருத்தா (புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கோர்ப்பது), துளையும் கழுந்துமா (ஒரு கட்டையின் நாக்கை மற்றதன் துளைக்குள் நுழைப்பது)? கடைசியில் பாலியூரித்தேன் அடிப்பதா, ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதா? 90 செ.மீ. அகலமுள்ள மேற்பலகையைத் துளியும் அசையாதபடி சுற்றிலும் பசை போட்டு ஸ்குரு முடுக்கிவிடப் போகிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தோளால் முட்டித்தான் திறந்தேன். நான்கு நாளாக விடாத ஐப்பசி மழை. பங்குனியில் ஒரு விரல் பட்டாலே திறந்துகொள்ளும் கதவு அது. அதே நினைப்பில் இருந்தவனிடம் வந்து ‘சந்தேகம் இல்லை’ என்கிறீர்கள். சந்தேகப்பட வேண்டிய ஒரே இடம் அதுதான்.

ரம்பம் எதுவானாலும் சரி. ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும், மற்றது தள்ளும்போது. கழிவுக் கட்டையில் கோட்டை ஒட்டி நூறு முறை அறுத்துப் பழகுங்கள், எதுவும் கைக்கு வரும். புறாவால் பொருத்து பெட்டிக்கும் இழுப்பறைக்கும் உரியது. மேசைக்காலுக்குத் துளையும் கழுந்தும்தான்; கழுந்தின் கனம், கால்களை இணைக்கும் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இனி பலகைக்கு வருகிறேன். வெட்டி, அறுத்து, இழைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விடும். நார் ஓடும் நீளவாட்டில் அது ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில்தான் விரிந்து சுருங்கும். அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மரங்களில் மிக அடக்கமானவற்றில் ஒன்று தேக்கு. அதுவும் உங்கள் 90 செ.மீ. அகலத்தில் மழைக்கும் கோடைக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர்வரை போய் வரலாம். கீழே இருக்கும் சட்டமோ அந்த அகலத்தை ஒட்டித் தன் நீளவாட்டில் கிடக்கிறது, இம்மியும் நகராது. இரண்டையும் பசையால் கட்டிப்போட்டால் எது தோற்கும் என்று நினைக்கிறீர்கள்?

எனக்குப் பத்து வயதில், கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்கு ஓர் ஆசாரி கதவு செய்தார். அவர் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் கதவின் நடுப்பலகையை அழுத்திப் பார்த்தேன். ஆடியது. வேலை சரியில்லை என்று அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்த ஆசாரி கோபப்படவில்லை. என் விரலைப் பிடித்துச் சட்டத்தின் காடிக்குள் (பலகை நுழைய வெட்டிய நீள்பள்ளம்) வைத்து, பலகையின் விளிம்புக்கும் காடியின் அடிக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியைத் தடவிக் காட்டினார். “இது பலகைக்கு விட்ட இடம், தம்பி. பசை போட்டுப் பிடித்தால் பிளந்துவிடும்” என்றார். அந்தப் பலகையில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

அவ்வளவு பார்த்தும் முப்பது வயதில் நானே செய்த முதல் மேசையில் உங்களைப் போலத்தான் சுற்றிலும் பசை போட்டு முடுக்கினேன். சித்திரை மாதம், நடுஇரவு, படீரென்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பலகையின் ஒரு முனையிலிருந்து முக்கால் நீளத்துக்கு வெடிப்பு. என் மனைவி அதன்மேல் ஒரு துணியை விரித்து மூடினாள். பல வருடம் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். அம்மாவுக்குச் செய்கிற மேசைக்கு அது நேரக்கூடாது, தம்பி. ஆயிரம் வீடியோ பார்த்த பிறகும் இது உங்கள் கண்ணில் படவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. சட்டத்தின் உட்பக்கம் ஒரு காடி எடுங்கள். அதில் நாக்கு நுழையும்படி சிறு மரக்கட்டைகள் செய்து, அவற்றைப் பலகையோடு மட்டும் முடுக்குங்கள். பலகை மேலே எழும்பாது, ஆனால் அகலவாட்டில் நகரும். இல்லையென்றால் சட்டத்தில் ஸ்குரு துளைகளை அகலவாட்டில் நீள்துளைகளாக்குங்கள். பசை ஒரு சொட்டும் வேண்டாம்.

பூச்சு எதுவானாலும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. பலகையின் அடிப்பக்கத்திலும் அதே அளவு பூசுங்கள், இல்லாவிட்டால் வளையும். ஆளிவிதை எண்ணெய் என்றால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பலகைகளை வாங்கியதும் உளியை எடுக்காதீர்கள். வீட்டுக்குள் இடையில் குச்சி வைத்து அடுக்கி மூன்று வாரமாவது விடுங்கள். அதில் ஒன்றின் முனையிலிருந்து ஒரு சாண் துண்டு அறுத்து, அதன் அகலத்தை அதன்மேலேயே பென்சிலால் எழுதி, சமையலறை அலமாரியில் வையுங்கள். பங்குனியில் மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள்.