கதவைச் சாத்திவிட்டு எழுதிய கட்டுரை

கேள்வி: பல வருடங்களாகத் தொழிலாளர் உரிமை பற்றி எழுதியும் பேசியும் வருகிறேன். போன வாரம் ஒரு நண்பர், "எட்டு மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுமுறை என்றெல்லாம் எழுதுகிறாயே, உன் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா?" என்று கேட்டுவிட்டார். இல்லை. அன்றிலிருந்து ஒரு வரி எழுத முடியவில்லை. முதலில் என்னைத் திருத்திக்கொண்டு அப்புறம்தான் எழுத வேண்டுமா?

பதில்: எழுதுவதை நிறுத்தாதீர்கள். புகைபிடிக்கிறவர் சொன்னாலும் புகை கெடுதல்தான். சொல்கிறவர் யோக்கியரா என்பதை வைத்து ஒரு கருத்து சரியா தப்பா என்று முடிவாவதில்லை. ஆனால் இந்தச் சமாதானத்தை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டு தூங்கப் போய்விடவும் கூடாது.

கொள்கையில் இரண்டு வகை இருக்கிறது. பணக்காரர்களுக்கு வரியை உயர்த்து என்கிறவர் தான் மட்டும் தனியாகக் கூடுதல் வரி கட்டவில்லை என்றால் அதைப் பெரிய குற்றமாக நான் நினைக்க மாட்டேன், அது எல்லாரும் சேர்ந்து, சட்டம் போட்டு நடக்க வேண்டிய காரியம். உங்கள் வீட்டு விஷயம் அப்படி இல்லை. அந்த அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக்கும் உங்களுக்கும் நடுவில் எந்த அரசாங்கமும் நிற்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான் வுல்மன் என்று ஒருவர் இருந்தார், குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, ஓர் அடிமைப் பெண்ணை விற்பதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார் முதலாளி. மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சொல்கிறவர் முதலாளி, வாங்குகிறவர் தன் சபையைச் சேர்ந்த பெரியவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நம்மில் பலரும் அதைத்தான் செய்திருப்போம். அடுத்த முறை வேறொருவர் அப்படி ஒரு பத்திரம் கேட்டபோது முடியாது என்றார். பிற்பாடு அடிமைகள் வைத்திருந்தவர்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்க நேர்ந்தால், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுக்கப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! மணிக்கணக்கில் பிரசங்கம் செய்திருந்தாலும் அந்தச் சில நாணயங்கள் அளவுக்கு உறுத்தியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவர் 1772-இல் இறந்தார். 1776-இல் பிலடெல்பியா குவேக்கர் சபை, உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. அவர் ஒருவரால் நடந்ததல்ல, ஆனால் அவருக்கும் அதில் பங்கு உண்டு.

எளிமையைக் கொள்கையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உருகுவேயின் அதிபராக 2010 முதல் 2015 வரை இருந்த ஹோசே முகிகா சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானமாகக் கொடுத்தார், பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் போனார். நல்ல மனிதர், சரி. அந்தக் காரின் படத்தைப் பகிர்கிறவர்களில் எத்தனை பேர் அவர் ஆட்சியில் என்ன செய்தார் என்று தேடிப் படித்தார்கள்? கிழிந்த சட்டை போட்டுக்கொண்டும் ஆளைச் சுரண்டலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெண் சமத்துவம் பற்றி ஒரு முறை விடிய விடிய உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். அலுவலகம் போய்த் திரும்பிய மனைவி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், சத்தம் இடைஞ்சலாக இருந்தது, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மிச்சத்தை எழுதினேன். கட்டுரைக்கு நல்ல பாராட்டு. கதவு விஷயம் உறைக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்திலேயே உறைத்திருக்கிறது.

நாளைக்கு அந்த அம்மா வந்ததும் எந்த நாள் லீவு வேண்டும் என்று அவரையே கேளுங்கள், நீங்களாக ஒரு நாளை முடிவுசெய்து அருள்பாலிக்க வேண்டாம். உடம்பு சரியில்லாத நாளுக்கும் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். அப்புறம் தயவுசெய்து இதைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதிவிடாதீர்கள்.